மொம்பாசா போய் வந்தவருக்குக் காய்ச்சலா? டெங்கு டெஸ்ட் மட்டும் போதாது

கென்யா, தான்சானியா கடற்கரைக்குச் சுற்றுலா போய் வந்தவர், காய்ச்சல் வந்ததும் டெங்குதான் என்று தானே முடிவு கட்டி, ஐந்து நாள் பாராசிட்டமாலும் நிலவேம்புக் குடிநீருமாக வீட்டில் படுத்திருந்து, கண் மஞ்சளாகி வாய் குழறும் நிலையில் ஐ.சி.யூ.வுக்கு வருகிறார். பார்த்தால் மலேரியா. இந்தக் கதை அலுத்துவிட்டது. ஒவ்வொரு சீசனுக்கும் இதே கதை.

மொம்பாசாவில் ஃபோர்ட் ஜீசஸ் கோட்டை, சாவோவில் செம்மண் பூசிய யானைகள், வட்டாமுவில் கடலாமைகள், லாமுவின் பழைய நகரம், கடைசியில் தான்சானியாவின் சான்சிபார் தீவு. அருமையான பயணம், தாராளமாகப் போங்கள். மலேரியாத் தடுப்பு மாத்திரை இல்லாமல் போகாதீர்கள், அவ்வளவுதான்.

"கூவம் கரையில வளர்ந்தவங்க டாக்டர், நம்மள எந்தக் கொசு என்ன செய்யும்?" மாத்திரை எழுதும்போதெல்லாம் கேட்கிற வசனம் இது. கொசு கடித்துப் பழகிய தோல் தடிக்காமல் இருக்கலாம். அதற்கும் மலேரியாவுக்கும் சம்பந்தமே இல்லை. சென்னையில் இத்தனை காலம் பார்த்த மலேரியா பெரும்பாலும் வைவாக்ஸ் என்ற வகை. அந்தக் கடற்கரையில் இருப்பது உயிருக்கே ஆபத்தான ஃபால்சிபாரம் வகை. வைவாக்ஸ் பத்து முறை வந்தவரையும் ஃபால்சிபாரம் விட்டுவைக்காது. அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்குக்கூட, சிறுவயதிலிருந்து திரும்பத் திரும்ப நோய் வந்த பிறகு கிடைப்பது அரைகுறை எதிர்ப்புச் சக்திதான். நோய் வராமல் அது தடுக்காது, கடுமையைக் குறைக்கும். சில வருடம் வெளிநாட்டில் இருந்தால் அதுவும் போய்விடும். மொம்பாசாவில் பிறந்து சென்னையில் செட்டிலானவர் சொந்த ஊருக்குப் போனாலும் மாத்திரை வேண்டும். அவருக்கே வேண்டும் என்றால் உங்களுக்கு?

வீட்டில் மிச்சமிருக்கும் குளோரோகுவினைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். அங்கே அது வேலை செய்யாது. மலிவானது டாக்ஸிசைக்ளின் 100 மி.கி., தினம் ஒன்று. கிளம்புவதற்கு ஓரிரு நாள் முன்பே தொடங்கி, ஊர் திரும்பிய பிறகும் நான்கு வாரம் தொடர வேண்டும். சாப்பிட்ட பின் ஒரு முழு டம்ளர் தண்ணீரோடு விழுங்கிவிட்டு, அரை மணி நேரமாவது படுக்காமல் இருங்கள். உணவுக்குழாயில் ஒட்டினால் புண்ணாகும். வெயில் பட்டால் தோல் கன்றிப்போகும் என்பதால் கடற்கரையில் தொப்பியும் சன்ஸ்கிரீனும் கட்டாயம். கர்ப்பிணிகளுக்கும் 8 வயதுக்கு உட்பட்டவர்களுக்கும் இது ஆகாது. இன்னொன்று அடோவாகுவோன்–புரோகுவானில். விலை கூடுதல், எல்லா மருந்துக் கடையிலும் கிடைக்காது. ஆனால் திரும்பிய பின் ஏழு நாள் போதும். கொழுப்புள்ள உணவோடோ பாலோடோ சாப்பிடுங்கள். எது உங்களுக்குப் பொருந்தும் என்பதை மருத்துவர் சொல்லட்டும், வாட்ஸ்அப் குழு வேண்டாம்.

தவறு பெரும்பாலும் சான்சிபாரில் நடக்கிறது. அங்கே மலேரியா வெகுவாகக் குறைந்துவிட்டது என்று படித்துவிட்டு மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். நான்கு நாள் முன்பு சாவோவில் கடித்த கொசு தந்த கிருமி அப்போது ஈரலில் இருக்கும்!

மலேரியாக் கொசு கடிப்பது அந்தி முதல் விடியல் வரை. சான்சிபாரின் ஃபொரோதானி பூங்காவில் இரவு உணவுக் கடைகளைச் சுற்றும்போது அரைக்கால் சட்டை வேண்டாம். டீட் என்ற கொசு விரட்டி மருந்து 20 முதல் 50 சதவீதம் உள்ள களிம்பைக் கணுக்காலில் மறக்காமல் தடவுங்கள். முதலில் சன்ஸ்கிரீன், அதன் மேல் இது.

மஞ்சள் காய்ச்சல் (யெல்லோ ஃபீவர், மஞ்சள் காமாலை அல்ல) தடுப்பூசி வேறு கணக்கு. கென்யாவிலிருந்து தான்சானியாவுக்குள் நுழையவும் இந்தியா திரும்பவும் அந்த ஊசி போட்டதற்கான சான்றிதழ் அட்டை வேண்டும். ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் செல்லுபடியாகும். அட்டை இல்லாமல் இறங்கினால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தலாம். கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் போன்ற அங்கீகாரம் பெற்ற மையங்களில் மட்டுமே போடுவார்கள், அதுவும் முன்பதிவு செய்து. குப்பியைத் திறந்தால் சில மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பதால் உங்கள் ஒருவருக்காகத் திறக்க மாட்டார்கள், சண்டை போடாதீர்கள். முட்டை அலர்ஜி இருந்தாலோ, 60 வயது தாண்டியிருந்தாலோ முன்கூட்டியே சொல்லுங்கள். ஒருமுறை போட்டால் அட்டை ஆயுள் முழுக்கச் செல்லும்.

திரும்பிய பிறகு, முக்கியமாக முதல் மூன்று மாதத்தில், காய்ச்சல் வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். வாயைத் திறந்ததும் முதல் வார்த்தையாக "கென்யா போய் வந்தேன்" என்று சொல்லுங்கள், தயவுசெய்து. மாத்திரை ஒழுங்காகப் போட்டிருந்தாலும் சொல்லுங்கள். பிளேட்லெட் குறைவதை வைத்து டெங்கு என்று முடிவு செய்ய முடியாது, மலேரியாவிலும் குறையும். முதல் ரத்தப் பரிசோதனையில் கிருமி தெரியாவிட்டால் 12 முதல் 24 மணி நேர இடைவெளியில் இன்னும் இருமுறை பார்க்க வேண்டும்.

இளம் மருத்துவ நண்பர்களுக்கு ஒன்று: கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ஃபால்சிபாரத்துக்கு நம் வழக்கமான ஆர்டிசுனேட்–சல்ஃபடாக்சின்–பைரிமெத்தமின் வேண்டாம், அங்கே சல்ஃபடாக்சின்–பைரிமெத்தமின் எதிர்ப்பு மிக அதிகம். ஆர்டிமெதர்–லுமிஃபான்ட்ரின் கொடுங்கள். நினைவு தடுமாறுகிறவருக்கும் வாந்தி நிற்காதவருக்கும் மாத்திரையே வேண்டாம். உடனே ஆர்டிசுனேட் ஊசி, பெரியவர்களுக்குக் கிலோவுக்கு 2.4 மி.கி., முதலில் ஒன்று, பிறகு 12-ஆவது, 24-ஆவது மணி நேரங்களில்.