மைக்ரோ டிரெஞ்சிங்: அறுப்பது சுலபம், மூடுவதில்தான் வேலை

சாலையை அகலமாகத் தோண்டாமல், வைரத்துகள் பதித்த பிளேடால் 2 செ.மீ. அகலத்துக்கு அறுத்து, அதில் ஃபைபர் கேபிள் போகும் மெல்லிய குழாயான மைக்ரோ டக்ட்டை இறக்கி மூடுவதுதான் மைக்ரோ டிரெஞ்சிங். இரவில் தொடங்கிக் காலைப் போக்குவரத்துக்கு முன் முடிக்கலாம் என்பதால் இதற்கு மவுசு. பின்னால் வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை ஆழத்திலும் மூடுவதிலும்தான் ஆரம்பிக்கின்றன.

சிங்கப்பூரில் தேய்ந்த தார் மேல்தளத்தை மில்லிங் இயந்திரத்தால் சுரண்டிவிட்டுப் புதிதாகப் போடுகிறார்கள். 10 செ.மீ. ஆழத்தில் கிடக்கும் டக்ட் அதற்குத் தப்புமா என்பது சந்தேகமே. வரைபடத்தில் 30 செ.மீ. என்று இருக்கும், ஆனால் பிளேடு தேயத் தேயப் பள்ளத்தின் ஆழம் குறையும். சில மீட்டருக்கு ஒருமுறை அளவுகோலை விட்டுப் பாருங்கள்.

ஆழம் கூடினால் மற்றவர் கேபிள் குறுக்கிடும். ஆகவே வரைபடம், உரிமம் பெற்ற கேபிள் டிடெக்‌ஷன் ஊழியர் (கருவியால் நிலத்தடி கேபிளைத் தேடுபவர்), கையால் தோண்டும் டிரையல் ஹோல் என்ற சோதனைக் குழி மூன்றும் முடிந்தபிறகே பிளேடு இறங்க வேண்டும். இவ்வளவு குறுகிய பள்ளத்தில், பிளேடு தொட்டது கல்லா கேபிளா என்று கண்ணுக்குத் தெரியாது.

தண்ணீர் ஊற்றி அறுத்தால் சிலிக்கா தூசி அடங்கும், சேறு அடியில் தங்கும். அதை வேக்குவம் வைத்து உறிஞ்சுங்கள், கால்வாயில் தள்ளக்கூடாது. சேற்றின்மேல் டக்ட்டைப் போட்டால் அது மேடுபள்ளமாகப் படுக்கும், கேபிள் ஊதும்போது, அதாவது காற்றழுத்தத்தால் கேபிளை டக்ட்டுக்குள் செலுத்தும்போது, உராய்வு கூடும். மூலையில் 90 டிகிரியாக மடக்காமல் இரண்டு 45 டிகிரி வெட்டுகளாகத் திருப்புங்கள்.

பள்ளத்தை நிரப்பும் கிரவுட் கலவையை ஊற்றும்போது டக்ட் மிதக்கும், அதுவும் காலி டக்ட் என்றால் கேட்கவே வேண்டாம். மேலே ஃபோம் கயிற்றை அழுத்திவைத்து, அதன்பிறகு இரண்டு தவணையாக ஊற்றுங்கள். மழை பெய்த ஈரத்தில், மேலே நீர் புகாமல் அடைக்கும் சீலன்ட் ஒட்டாது. பஸ் நிறுத்தத்தருகே பிரேக் போடும் டயர்களே அதைப் பிய்த்துவிடும், பிளவு வழியே நீர் இறங்கும். பள்ளம் உலரும்வரை காத்திருக்க நேரமில்லை என்றால், அன்றிரவு அறுக்காமலே இருக்கலாம்.

ஃபைபரில் உலோகம் இல்லை என்றால், நிலத்தடி கேபிளைத் தேடும் லொக்கேட்டர் கருவிக்குச் சிக்காது. டக்ட்டோடு டிரேசர் வயர் என்ற உலோகக் கம்பியைப் போடாவிட்டால், அடுத்து தோண்டுபவருக்கு அங்கே எதுவும் இல்லை என்றே காட்டும்.

கேபிள் ஊதுவதற்கு முன் காற்றழுத்தச் சோதனை, பிறகு டக்ட்டுக்குள் அதன் உள்ளளவுக்கேற்ற அளவுப் பந்தை விட்டுப் பார்ப்பது. பந்து நின்ற இடத்தில் டக்ட் நசுங்கியோ அடைபட்டோ இருக்கும். முனைகளுக்கு மூடி போடுங்கள். ஃபைபருக்குள் ஒளியை அனுப்பி எங்கே இழப்பு என்று பார்க்கும் கடைசி ஓடிடிஆர் சோதனையில், 1310 நானோமீட்டர் அலைநீளத்தில் சரியாக இருந்து 1550-இல் இழப்பு கூடினால் அங்கே ஃபைபர் வளைந்திருக்கிறது. முதலில் மூலைகளைப் பாருங்கள்.