டீமன் என்னும் பூதம்

முகவரியில் ஓர் எழுத்து பிசகினாலும் மின்னஞ்சல் சில நொடிகளில் திரும்பி வந்துவிடும். அனுப்பியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘மெயிலர்-டீமன்’ என்று இருக்கும். கணினியோடு அன்றாடம் புழங்குகிற பலருக்கும் இந்தச் சொல் கண்ணில் படுகிற ஒரே இடம் அதுதான். அதைப் பார்த்துவிட்டு வைரஸ் புகுந்துவிட்டதோ என்று பதறிக் கேட்பவர்களும் உண்டு. சர்வர்களைப் பராமரிக்கும் சிஸ்டம் அட்மின்களுக்கோ அது நாள் முழுக்க வாயில் புழங்கும் சொல்.

டீமன் என்பது ஒரு நிரல். யாரும் அதைத் திரையில் திறந்து வைத்திருப்பதில்லை. அதற்குச் சாளரமும் இல்லை, விசைப்பலகையோடு தொடர்பும் இல்லை. கணினி எழும்போது தானும் எழுந்து பின்னணியில் காத்திருக்கும். வேலை வந்தால் செய்யும். முடித்ததும் மறுபடி காத்திருக்கும். யூனிக்ஸ், லினக்ஸ், பி.எஸ்.டி. இயங்குதளக் குடும்பங்களில் இவற்றின் பெயர் பெரும்பாலும் ‘டி’ என்ற எழுத்தில் முடியும். தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைய வருபவரைச் சரிபார்ப்பது எஸ்.எஸ்.எச்.டி. வலைப்பக்கம் கேட்டவருக்கு எடுத்துக் கொடுப்பது எச்.டி.டி.பி.டி. குறித்த நேரத்தில் குறித்த வேலையைத் தொடங்கி வைப்பது கிரான்-டி. நடப்பதையெல்லாம் லாக் கோப்பில் எழுதி வைப்பது சிஸ்லாக்-டி. கணினியின் கடிகாரம் பிசகாமல் பார்த்துக்கொள்வது என்.டி.பி.டி. இந்தக் கட்டுரையை நீங்கள் கைபேசியில் படித்தாலும் கணினியில் படித்தாலும், உங்கள் கண்ணுக்கு அதை எட்டச் செய்ததில் டீமன்களுக்குப் பங்கு உண்டு.

பழைய யூனிக்ஸ் முறையில் ஒரு நிரல் டீமனாக மாறுவதே தனிச் சடங்கு. நிரல் தன்னைப் போலவே ஒரு பிரதியைப் பிறப்பிக்கும். அதற்கு ஃபோர்க் என்று பெயர். பிறப்பித்த தாய்ச் செயல்முறை (ஓடிக்கொண்டிருக்கும் நிரலுக்கு அப்படிப் பெயர்) உடனே முடிந்துவிடும். பிள்ளை அநாதையாகிறது (தொழில்நுட்ப வழக்கிலும் இதே சொல்தான்). அப்படி விடப்பட்ட செயல்முறையை, கணினியில் முதலில் எழுந்த 1 என்ற எண் கொண்ட செயல்முறை தத்தெடுத்துக்கொள்ளும். அடுத்து அந்தப் பிள்ளை, தான் பிறந்த டெர்மினலோடு, அதாவது கட்டளைகளைத் தட்டும் சாளரத்தோடு, உள்ள உறவை அறுத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் நாம் டெர்மினலை மூடும்போது அதுவும் சேர்ந்து செத்துப்போகும். தான் நிற்கும் அடைவை (ஃபோல்டரை) விட்டு எல்லாவற்றுக்கும் மேலான வேர் அடைவுக்குப் போவது, திறந்திருக்கும் கோப்புகளை மூடுவது என்று இந்தச் சடங்கு நீளும்.

சொல்லின் பிறப்பிடம் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகம். 1963-இல் அங்கே மேக் என்ற கணினி ஆய்வுத் திட்டம் தொடங்கியபோது, ஃபெர்னாண்டோ கோர்பாட்டோவின் குழு ஐ.பி.எம். 7094 கணினியில் பலர் ஒரே நேரத்தில் வேலை செய்வதற்கான இயங்குதளத்தை வளர்த்துக்கொண்டிருந்தது. பின்னணியில் ஓயாமல் வேலை செய்யும் நிரல்களை அவர்கள் டீமன் என்று அழைக்கத் தொடங்கினார்கள். முதலில் அந்தப் பெயர் பெற்றது, கோப்புகளைத் தானாகவே நாடாவில் படியெடுத்து வைக்கும் நிரல் என்று கோர்பாட்டோவே பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஆக, முதல் டீமன் செய்தது பேக்கப். இன்றும் எந்த சர்வரை என் பொறுப்பில் எடுத்தாலும் நான் முதலில் பார்ப்பது அந்த வேலை ஒழுங்காக நடக்கிறதா என்பதைத்தான்.

பெயரை அவர்கள் எடுத்தது இயற்பியலிலிருந்து. ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் 1867-இல் தன் நண்பர் டேட்டுக்கு எழுதிய கடிதத்தில் ஒரு கற்பனைச் சோதனையை விவரித்தார். ஒரு பெட்டிக்குள் இரண்டு அறைகள். நடுச்சுவரில் சின்னஞ்சிறு கதவு. கதவருகே கற்பனையான ஒரு குட்டி உயிர். வேகமாக வரும் மூலக்கூறுகளை ஒரு பக்கமும் மெதுவாக வருவதை மறுபக்கமும் அது பிரித்து அனுப்பிக்கொண்டே இருந்தால், ஓர் அறை சூடாகும், மற்றது குளிரும். மாக்ஸ்வெல் அதற்கு டீமன் என்று பெயரிடவில்லை. அந்தப் பெயரை 1874-இல் சூட்டியவர் வில்லியம் தாம்சன். கெல்வின் பிரபு என்று நாம் அறிபவர். யாரும் மேற்பார்க்காமல், சலிக்காமல், வருவதை வகைபிரித்து அனுப்பும் அந்தக் காவலாளி கணினிக்காரர்களுக்குப் பிடித்துப்போனதில் வியப்பில்லை. ‘டிஸ்க் அண்ட் எக்ஸிக்யூஷன் மானிட்டர்’ என்பதன் சுருக்கமே டீமன் என்று இன்றும் சிலர் பாடம் நடத்துகிறார்கள். அது சொல் பிறந்த பிறகு யாரோ பொருத்திய விரிவு. மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டாம்.

இன்னும் பின்னால் போனால் கிரேக்கம். அங்கே டைமோன் என்றால் மனிதருக்கும் பெருந்தெய்வங்களுக்கும் இடைப்பட்ட ஓர் ஆற்றல். நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு. ‘பங்கிடுதல்’ என்ற பொருள் கொண்ட வினையடியிலிருந்து அது பிறந்திருக்கலாம் என்பது அறிஞர்கள் கருத்து. அவரவர் பங்கை அவரவர்க்கு அளப்பது டைமோன். பொற்காலத்து மனிதர்கள் இறந்தபின் டைமோன்களாகி, மூடுபனியைப் போர்த்திக்கொண்டு உலகெங்கும் திரிந்து மக்களைக் காக்கிறார்கள், செல்வம் தருகிறார்கள் என்று பண்டைக் கிரேக்கக் கவிஞர் ஹெசியட் பாடினார். தவறான செயலில் இறங்கப்போகும்போது மட்டும் உள்ளிருந்து ஒரு குரல் தடுக்கும் என்று சாக்ரடீஸ் சொன்னதும் இந்த வகை ஆற்றலைத்தான். பிற்காலத்தில் கிறித்தவம் பரவியபோது பழைய தெய்வங்கள் எல்லாம் தீயவை ஆயின. சொல்லும் தீய ஆவி என்ற பொருளில் உறைந்துவிட்டது. கணினிக்காரர்கள் ஆங்கிலத்தில் பழைய எழுத்துக்கூட்டலையே (demon அல்ல, daemon) வைத்துக்கொண்டதால் அந்த முதற்பொருளின் சாயல் அதில் தங்கியிருக்கிறது. ஆனால் பி.எஸ்.டி.க்காரர்கள் கொம்பும் வாலும் வைத்த சிவப்புக் குட்டியையே சின்னமாகக் கொண்டார்கள். 1984-இல் பி.எஸ்.டி. கையேடுகளின் அட்டைக்காக அதை வரைந்தவர், பின்னாளில் பிக்சார் அனிமேஷன் நிறுவனத்தில் புகழ்பெற்ற ஜான் லாசட்டர். அதன் கையிலிருக்கும் முள்கரண்டி, மேலே சொன்ன ஃபோர்க்.

பங்கிடுதல் என்ற அந்த வேர்ப்பொருளை நான் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன். நல்ல டீமனுக்கு ஒரு பங்கு வேலைதான் இருக்க வேண்டும். அந்தப் பங்குக்கு வேண்டிய உரிமை மட்டும் இருக்க வேண்டும்; கணினியில் எதையும் செய்யவல்ல ரூட் உரிமையைக் கையில் வைத்துக்கொண்டு நாள் முழுக்க ஓடக்கூடாது. செய்ததையும் செய்ய முடியாததையும் லாக்கில் எழுத வேண்டும். நடுராத்திரியில் விழுந்தால், எழுப்பிவிட்டதும் விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும். மூலநிரலை எல்லோரும் பார்க்கக்கூடிய திறமூல இயங்குதளங்களை நான் விரும்புவதற்குப் பெரும் காரணம், இந்த நான்கையும் நானே திறந்து பார்த்துச் சரிபார்க்க முடியும் என்பது. விலை இல்லை என்பது இரண்டாவது காரணம்தான்.

இந்தப் பங்கு எவ்வளவு என்பதில்தான் லினக்ஸ் உலகின் பெரிய சண்டை நடந்தது. 2010-இல் லெனார்ட் பாட்டரிங், கே சீவர்ஸ் இருவரும் சிஸ்டம்-டி என்ற புதிய முதல் செயல்முறையைக் கொண்டுவந்தார்கள். டீமன்களை எழுப்புவது, கண்காணிப்பது, விழுந்தால் தூக்கி நிறுத்துவது எல்லாம் அதன் பொறுப்பாயின. அநாதையாவது, டெர்மினலை அறுப்பது என்ற பழைய சடங்குகள் தேவையற்றுப் போயின. 2011-இல் ஃபெடோரா 15 என்ற லினக்ஸ் வழங்கல் (லினக்ஸைத் தொகுத்துத் தரும் பதிப்பு) அதற்கு மாறியது. டெபியன் என்ற மற்றொரு வழங்கலில் கடும் விவாதத்துக்குப் பிறகு 2014-இல் அதன் தொழில்நுட்பக் குழு சிஸ்டம்-டியைத் தேர்ந்தது. ஏற்காதவர்கள் பிரிந்துபோய் தேவுவான் என்ற தனி வழங்கலைத் தொடங்கினார்கள். என் பார்வையில் டீமன்களை மேய்க்கும் வேலையை சிஸ்டம்-டி நன்றாகவே செய்கிறது. விழுந்த சர்வீஸைத் தானே ரீஸ்டார்ட் செய்வதும், ஒவ்வொன்றுக்கும் நினைவக வரம்பு வைக்க முடிவதும் ஆன்-காலில், அதாவது எந்நேரமும் அழைப்புக்குத் தயாராக, இருப்பவருக்கு எவ்வளவு பெரிய நிம்மதி என்பது அந்த வேலையில் இருந்தவர்களுக்குத் தெரியும். லாக், பெயர்த் தீர்வு (தளப் பெயருக்கு உரிய எண் முகவரியைக் கண்டறிவது), நேரம் என்று ஒவ்வொன்றாக அதே குடையின்கீழ் வந்ததுதான் எனக்கு உடன்பாடில்லை.

அதன் விலை 2024-இல் தெரிந்தது. எஸ்.எஸ்.எச்.டி அடங்கிய ஓபன்-எஸ்.எஸ்.எச். தொகுப்பை எழுதியவர்கள் தங்கள் எஸ்.எஸ்.எச்.டியை சிஸ்டம்-டியோடு பிணைக்கவில்லை. ‘நான் தயார்’ என்று சிஸ்டம்-டிக்கு ஒரு செய்தி அனுப்புவதற்காக டெபியன், ஃபெடோரா போன்ற சில வழங்கல்கள் தாங்களே சிஸ்டம்-டியின் நிரலகத்தை (மற்ற நிரல்கள் எடுத்துப் பயன்படுத்தும் நிரல்தொகுப்பை) எஸ்.எஸ்.எச்.டியில் சேர்த்தன. அந்த நிரலகம், தரவைச் சுருக்கும் வேலைக்காக எக்ஸ்.இசட். நிரலகத்தையும் கூடவே இழுத்து வந்தது. எக்ஸ்.இசட்.டை ஒருவரே, ஊதியமில்லாமல், கிடைத்த ஓய்வு நேரத்தில் பராமரித்துவந்தார். உதவி செய்வதாகச் சொல்லி உள்ளே வந்த ஒரு புனைபெயர்க்காரர், இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக நம்பிக்கையைச் சம்பாதித்து, 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்வாசல் ஒன்றை வைத்துவிட்டார். எஸ்.எஸ்.எச்.டிக்கு நேரடியாக ஒரு பணியும் செய்து தராத நிரலகத்தில் வைத்த கதவு, நேரே உள்நுழைவைக் காக்கும் எஸ்.எஸ்.எச்.டிக்குள் திறந்தது. ஆண்ட்ரஸ் ஃபிராய்ண்ட் என்ற போஸ்ட்கிரஸ் தரவுத்தள வல்லுநர், உள்நுழைய வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாகிறதே, டீமன் இத்தனை சி.பி.யூ. தின்கிறதே என்று துருவிப்போய் அதைக் கண்டுபிடித்து, மார்ச் 29 அன்று உலகுக்கு அறிவித்தார். நிலைத்த பதிப்புகளுக்குள் அது போகுமுன் பிடிபட்டது. மூலநிரல் எல்லோர் கண்முன்னும் இருந்ததால்தான் அவரால் வேர்வரை போக முடிந்தது. அதே நேரம், உலகத்துச் சர்வர்கள் பலவும் நம்பியிருக்கும் ஒரு நிரலை ஒற்றை ஆள் சம்பளமில்லாமல் சுமக்கும் நிலையை நிறுவனங்கள் இனியும் கண்டும் காணாமல் இருப்பது எனக்குப் பொறுக்கவில்லை. டீமனைப் பயன்படுத்திச் சம்பாதிப்பவர், அதைப் பராமரிப்பவருக்கு ஊதியம் தர வேண்டும்.

இனி, தமிழில் இதை என்ன சொல்வது?

பேய், பிசாசு, சாத்தான் மூன்றும் பொருந்தா. சொல் தன் பயணத்தின் பிற்பாதியில் ஏற்றுக்கொண்ட கறையை மட்டும் அவை மொழிபெயர்க்கின்றன. கிங்கரர் என்பது நெருங்கி வருகிறது. ‘என்ன செய்யட்டும்’ என்று கேட்டு நிற்பவர் என்பது வடமொழியில் அதன் பொருள். ஆனால் தமிழ்க் காதில் எமகிங்கரர் என்றே விழும். ஏவல் என்ற சொல் என்னை வெகுகாலம் இழுத்தது. ஏவப்பட்டுப் போய், கண்ணுக்குத் தெரியாமல் காரியம் முடிப்பது அது. இருந்தும் பில்லி, சூனியத்தோடு சேர்ந்து கெட்ட பெயர் வாங்கிவிட்டது. இலக்கணத்திலோ கட்டளை என்று பொருள்படுகிறது. கட்டளையையும் கட்டளையை நிறைவேற்றுவதையும் ஒரே சொல்லால் குறித்தால் கணினி நூலில் குழப்பமே மிஞ்சும். ‘பின்னணிச் செயல்முறை’ என்பதும் போதாது. டெர்மினலில் ஒரு நீண்ட வேலையைப் பின்னணிக்குத் தள்ளிவிட்டால் அதுவும் பின்னணிச் செயல்முறைதான். ஆனால் டீமன் ஆகாது. ‘சேவை’ என்றால் கிடைக்கும் பயன்; தருவது யார் என்பதை அது சொல்வதில்லை.

நான் பரிந்துரைப்பது பூதம். புதையலைக் காக்கும் பூதம் நம் கதைகளில் உண்டு. ஹெசியட்டின் காவல் டைமோன்களுக்கு இதைவிட நெருங்கிய உறவு தமிழில் இல்லை. சிலப்பதிகாரத்துப் புகார் நகரின் சதுக்கப்பூதம் நாற்சந்தியில் நின்று, பொய்ச்சாட்சி சொல்பவரையும் பொய்த்தவக் கோலத்தாரையும் பிடித்து அடித்துத் தின்னும். குற்றமற்றவருக்கு அதனால் தொல்லை இல்லை. நுழைவோரைச் சரிபார்க்கும் எஸ்.எஸ்.எச்.டிக்கு இது அப்படியே பொருந்தும். பூதம் என்றால் பேருருவம் ஆயிற்றே என்பார்கள். பல்லவ, சோழக் கோயில்களில் கூரை விளிம்பின் அடியில் ஓடும் பூதவரியைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். அங்கே இருப்பவை குட்டைக் கால்களும் தொந்தியுமாகச் சின்னச் சின்ன உருவங்கள்.

இலக்கணமும் துணைக்கு வருகிறது. தொல்காப்பியம் கிளவியாக்கத்தில் காலம், உலகம், உயிர், உடம்பு, பால்வரை தெய்வம், வினை, பூதம், ஞாயிறு, திங்கள், சொல் என்று பத்துச் சொற்களை அடுக்கி, உயர்திணையில் வைக்கத்தக்க இவை ஆண், பெண் என்று பால் பிரிந்து வரமாட்டா என்கிறது. ‘பூதம் புடைத்தது’ என்பது உரைகாரர் காட்டும் எடுத்துக்காட்டு. அறிவோடு இயங்குவதுபோல் தோன்றும் ஒரு நிரலை ‘அது எழுந்தது, அது விழுந்தது’ என்று அஃறிணையில் சொல்ல இந்த நூற்பா முன்பே இடம் செய்து வைத்திருக்கிறது. அதே பட்டியலில் உள்ள பால்வரை தெய்வம், அவரவர்க்குரிய பங்கை வரையறுக்கும் தெய்வம். டைமோனின் வேர்ப்பொருளும் அதுவே. அதை நேரடியாகக் கணினிக்கு எடுத்தால் சொல் கனத்துவிடும். பக்கத்தில் நிற்கும் பூதமே போதும்.

கூட்டுச்சொற்கள் எளிதாக அமைகின்றன: அஞ்சற்பூதம், அச்சுப்பூதம், நேரப்பூதம், பதிவுப்பூதம், நுழைவுப்பூதம். ஐம்பூதத்தோடு மயக்கம் வருமோ என்றால், சர்வர் கையேட்டில் நிலத்தையும் நீரையும் யாரும் தேடப்போவதில்லை. பாடநூலிலும் கலைச்சொல் பட்டியலிலும் பூதம் என்று எழுதலாம். பொதுமக்கள் பார்க்கும் திரையில், வங்கிச் செயலியிலோ மருத்துவமனைக் கணினியிலோ, ‘அச்சுச் சேவை நின்றுவிட்டது’ என்று எழுதுவதே முறை. அங்கே பயனருக்கு வேண்டியது பயன் பற்றிய செய்தி. பேச்சில் டீமன் என்றே சொல்லிக்கொள்ளலாம், அதில் குறை ஒன்றுமில்லை. எஸ்.எஸ்.எச்.டி, கிரான்-டி போன்ற பெயர்களை மட்டும் மொழிபெயர்க்கக் கூடாது. அவை கோப்புப் பெயர்கள். மாற்றித் தட்டினால் கணினி அவற்றைக் கண்டுபிடிக்காது.