கோரைத் திருகும் முன் கண்டன்சரைப் பாருங்கள்

“வாசல்ல பைக் போனா இதுவும் சேர்ந்து படபடங்குது தம்பி” என்று ஒரு பெரியவர் தன் பழைய டிரான்சிஸ்டர் எஃப்.எம். ரேடியோ செட்டைக் கொண்டுவந்தார். திறந்து பார்த்தால், அலையிலிருந்து ஒலியைப் பிரித்தெடுக்கும் டிடெக்டர் பகுதியில் காயிலின் கோர் (காயிலுக்குள் திருகி ட்யூன் செய்யும் சின்னத் துண்டு) விண்டுபோயிருந்தது. முன்பு பார்த்தவர் இரும்பு ஸ்க்ரூடிரைவரை விட்டுத் திருகியிருக்கிறார். கோளாறு இருந்ததோ பக்கத்தில் நின்ற கண்டன்சரில். இப்படி வீணான காயில்களை நிறையப் பார்த்துவிட்டேன், மனசு ஆறவில்லை.

எஃப்.எம்.மில் பாட்டும் பேச்சும் அலையின் உயரத்தில் இல்லை. மைய அதிர்வெண்ணிலிருந்து அதிகபட்சம் 75 கிலோ ஹெர்ட்ஸ் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடுகிற அந்த ஆட்டத்தில் இருக்கின்றன. பைக்கின் ஸ்பார்க் பிளக் பொறி முக்கியமாகக் குலைப்பது உயரத்தை. 1936-ல் உருவான ஃபாஸ்டர்–சீலி டிஸ்க்ரிமினேட்டர் என்ற டிடெக்டர், உயரம் மாறினாலும் சத்தம் எழுப்பிவிடும். அதனால் முன்னால், உயரத்தை வெட்டிச் சமமாக்கும் ஒரு லிமிட்டர் தேவை. பின்னால் வந்த ரேஷியோ டிடெக்டரில் இரண்டு டயோடுகளில் ஒன்றைத் திருப்பிப் போட்டு, குறுக்கே சில மைக்ரோ ஃபாரட் எலக்ட்ரோலிட்டிக் கண்டன்சர் ஒன்றை வைத்தார்கள். அது நிறைந்து நிற்கும்வரை அங்கே வோல்டேஜ் சட்டென்று ஏறி இறங்காது. பொறியின் அடி அதிலேயே அமுங்கிவிடும். வருடக்கணக்கில் அந்தக் கண்டன்சர் காய்ந்து போனால் அந்தக் காவல் போச்சு. நிலையம் கேட்கும், தெருவும் கேட்கும்.

பெரியவரின் செட்டில் அந்தக் கண்டன்சரை மாற்றியதும் படபடப்பு நின்றது. ஆனால் உடைந்த கோருக்காகப் பழைய சாமான்களில் அரைநாள் தேட வேண்டியிருந்தது.

‘ச’, ‘ஷ’ மட்டும் சீறிப் பிசிறினால் டயோடுகளைச் சோதியுங்கள். ஓஏ79 போன்ற ஜெர்மேனியம் டயோடுகள் ஜோடியாக ஒத்திருக்க வேண்டும். மாற்றினால் இரண்டையும் மாற்றுங்கள். கைக்குக் கிடைத்த சிலிக்கான் டயோடைப் போடாதீர்கள். அது மின்சாரத்தைக் கடத்தத் தொடங்கவே 0.6 வோல்ட் கேட்கும்.

ஐ.சி. (சிப்) வைத்த செட்டுகளில் பெரும்பாலும் இந்தக் கண்டன்சரே கிடையாது. குவாட்ரேச்சர் டிடெக்டர் என்ற வேறு வகை சிப்புக்குள்ளேயே இருக்கும். வெளியே ஒரு காயிலோ பீங்கான் டிஸ்க்ரிமினேட்டரோ மட்டும்.

கோரைத் தொட்டே ஆகவேண்டுமென்றால், பழைய நிலையை மார்க்கரால் குறித்துவிட்டு பிளாஸ்டிக் டூலால் திருப்புங்கள். ரேஷியோ டிடெக்டரில் நிலையம் சரியாகப் பிடித்தபோது வெளியீட்டு வோல்டேஜ் நடுப்புள்ளியில் நிற்க வேண்டும். பல செட்டுகளில் அது பூஜ்யம். புதுக் கண்டன்சரின் ப்ளஸ், மைனஸ் பழையது இருந்தபடியே. சில செட்டுகளில் ப்ளஸ் பக்கம்தான் கிரவுண்டில் இருக்கும்.