நாஸ்: பொதுக் கோப்புப் பெட்டிக்கு ஒரு தமிழ்ப் பெயர்

'நெட்வொர்க் அட்டாச்டு ஸ்டோரேஜ்' என்ற மூன்று சொற்களின் முதலெழுத்துகள் சேர்ந்து உண்டான பெயர் நாஸ். வீட்டு ரவுட்டரோடு ஒரு கேபிளால் இணைத்து, இரவும் பகலும் ஓடட்டும் என்று விட்டுவைக்கிற சிறு பெட்டி அது. உள்ளே ஒன்றோ இரண்டோ நான்கோ ஹார்ட் டிஸ்க் இருக்கும். திரை கிடையாது, விசைப்பலகை கிடையாது. வீட்டிலுள்ள லேப்டாப், போன், டிவி எல்லாம் ரவுட்டர் வழியாக அதை அடைந்து, அங்கே இருக்கும் படங்களையும் பாட்டுகளையும் ஆவணங்களையும் திறக்கும், புதியவற்றைக் கொண்டுபோய் வைக்கும்.

எழுத்தெழுத்தாக 'என்.ஏ.எஸ்.' என்று சொல்பவர்களும் உண்டு. ஒரே சொல்லாகச் சொல்வதுதான் அதிகம். தமிழில் எழுதினால் அது 'நாசம்' என்ற சொல்லுக்கு மிக அருகில் போய் நிற்கிறது. டிஸ்க் பழுதாகும் நாளில் அந்தப் பொருத்தம் நன்றாகவே புரியும்.

இந்தப் பெயர் எதிலிருந்து எதைப் பிரித்துக் காட்ட வந்தது என்று பார்த்தால்தான் பொருள் தெளிவாகும். கணினிக்குள் இருக்கும் டிஸ்கும், யூஎஸ்பி கேபிளில் மாட்டுகிற டிஸ்கும் அந்த ஒரு கணினிக்கே சொந்தம். மற்றவர்களுக்கு வேண்டுமென்றால் அந்தக் கணினி விழித்திருக்க வேண்டும். இந்தப் பழைய ஏற்பாட்டுக்கு டாஸ், அதாவது 'டைரக்ட் அட்டாச்டு ஸ்டோரேஜ்' என்று பெயர். இன்னொன்று சான், 'ஸ்டோரேஜ் ஏரியா நெட்வொர்க்'. நாஸ் என்பதன் ஆங்கில எழுத்துகளைப் பின்னாலிருந்து படித்தால் சான் வருகிறது. குழப்பத்துக்குப் பாதிக் காரணம் அதுதான். இரண்டிலும் டிஸ்க் எங்கோ இருக்கும், கணினி எங்கோ இருக்கும், நடுவில் கேபிள் ஓடும். ஆனால் சான் கொடுப்பது வெறும் டிஸ்க் பரப்பு. அதைத் தொகுதிகளாகப் பிரித்துக் கோப்பு முறைமை, அதாவது எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று கணக்கு வைக்கும் ஏற்பாடு, அமைத்துக்கொள்வது கேட்ட கணினியின் பொறுப்பு. நாஸ் தன் டிஸ்கில் கோப்பு முறைமையைத் தானே வைத்துக்கொண்டு, 'இந்தக் கோப்பைக் கொடு' என்று கேட்டால் கோப்பைக் கொடுக்கிறது. அதனால்தான் ஒரே கோப்புறையை விண்டோஸ் கணினியும் மேக்கும் டிவியும் ஒரே நேரத்தில் திறக்க முடிகிறது. ஆக, நாஸின் உயிர்நாடி கோப்பைக் கொடுப்பது. பெயரில் உள்ள மூன்று சொற்களில் அது ஒன்றில்கூட இல்லை.

பெட்டிக்கு முன்பே அதன் வேலை பிறந்துவிட்டது. கணினிகள் ஒன்றின் கோப்பை இன்னொன்று திறக்கும் முறைகள் 1980களின் முதற்பாதியில் அடுத்தடுத்து வந்தன. நாவெல் நிறுவனத்தின் நெட்வேர் 1983இல் வந்தது. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1984இல் என்.எஃப்.எஸ். என்ற நெறிமுறையை, அதாவது கணினிகள் தமக்குள் பேசிக்கொள்ளும் விதிமுறையை, உருவாக்கியது. ஏறத்தாழ அதே காலத்தில் ஐபிஎம்மில் பாரி ஃபைகன்பாம் எஸ்.எம்.பி. என்ற நெறிமுறையை எழுதினார். பின்னால் அதை மைக்ரோசாஃப்ட் எடுத்து விண்டோஸுக்குள் வைத்தது. இன்று வீட்டு நாஸ் பெட்டியோடு விண்டோஸ் பேசுவது இந்த எஸ்.எம்.பி.யில்தான்.

இதில் சுவையான பெயர்க்கதை ஒன்று உண்டு. ஆஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல், 1990களின் தொடக்கத்தில் யூனிக்ஸ் கணினிகளும் எஸ்.எம்.பி. பேசும்படி ஒரு மென்பொருளை எழுதினார். வைத்த பெயர் வேறொரு நிறுவனத்தின் வணிகப்பெயரோடு மோதவே, புதுப்பெயர் தேட வேண்டியதாயிற்று. கணினியில் இருந்த சொற்பட்டியலில் எஸ், எம், பி என்ற மூன்று எழுத்துகளும் அதே வரிசையில் வரும் சொற்களைத் தேடச் சொன்னார். கிடைத்தவற்றில் ஒன்று 'சம்பா'. பிரேசில் நடனத்தின் பெயர் இப்படித்தான் கோப்புப் பகிர்வுக்கு வந்து ஒட்டிக்கொண்டது. நெல்லின் சம்பாவுக்கும் இதற்கும் உறவு ஏதுமில்லை. விலைக்கு வாங்கும் நாஸ் பெட்டிகள் பலவற்றின் உள்ளே ஓடுவது லினக்ஸும் சம்பாவும்தான்.

கோப்பு கொடுப்பதற்கென்றே தனிப் பெட்டி செய்து விற்றவர்களில் 1992இல் தொடங்கிய நெட்ஆப் முக்கியமானது. ரொட்டி வாட்டும் டோஸ்டரைப் போல ஒரே வேலையைச் சிக்கலில்லாமல் செய்ய வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. அந்தப் பெட்டிகளை 'ஃபைலர்' என்றார்கள். கோப்பு என்ற சொல்லை உள்ளடக்கிய அந்தப் பெயர் பொருளுக்கு நெருக்கமானது. ஆனால் நிலைத்தது நாஸ்தான். அலுவலகங்களில் இருந்த இந்தப் பெட்டி வீட்டு அளவுக்குச் சுருங்கியதில் தைவானின் சினாலஜி, க்யூநாப் போன்ற நிறுவனங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. பழைய கணினியையே நாஸாக மாற்றிக்கொள்ள நினைப்பவர்களுக்கு 2005இல் ஃப்ரீநாஸ் என்ற மென்பொருள் வந்தது. இப்போது அதன் பெயர் ட்ரூநாஸ்.

இனி, ஆங்கிலப் பெயரின் வேர்கள். 'நெட்வொர்க்' என்பதற்கு முதலில் வலைபோல் பின்னிய வேலைப்பாடு என்றுதான் பொருள். 16ஆம் நூற்றாண்டின் ஆங்கில பைபிள்களில் யாத்திராகமத்தில் வரும் பித்தளைச் சல்லடைக்கு இந்தச் சொல்லைப் போட்டிருக்கிறார்கள். 'அட்டாச்' பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. முளையில் கட்டுவது என்ற பொருளிலிருந்து கிளைத்தது. சட்டத்தில் அதற்கு ஜப்தி செய்வது என்றும் பொருள். 'ஸ்டோர்' லத்தீனில் புதுப்பித்தல், சீரமைத்தல் என்ற பொருள் கொண்ட வினையிலிருந்து வந்தது. 'ரெஸ்டோர்' அதன் உடன்பிறப்பு. கணிப்பொறிக்கு அந்தச் சொல் புதிதும் அல்ல: சார்ல்ஸ் பாபேஜ் 1830களில் திட்டமிட்ட பகுப்பாய்வு எந்திரத்தில் எண்களை வைக்கும் பகுதிக்கு 'ஸ்டோர்' என்றும், கணக்குப் போடும் பகுதிக்கு 'மில்' என்றும் பெயர் வைத்தார்.

தமிழுக்கு வருவோம். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'வலையமைப்பு இணைந்த சேமிப்பகம்' என்றோ 'பிணையத்தோடு இணைக்கப்பட்ட சேமிப்பகம்' என்றோ வரும். பொருள் சரிதான், வாய்க்குத்தான் ஒவ்வாது. தவிர, 'இணைக்கப்பட்ட' என்பது இன்று தேவையே இல்லாத சொல். டிஸ்க் என்றாலே கணினிக்குள் இருப்பது என்று எண்ணிய காலத்தில் அதை அழுத்திச் சொல்ல வேண்டியிருந்தது. 'பிணையச் சேமிப்பகம்' என்றாலே இணைப்பு உள்ளடங்கிவிடும்.

பிணையமா, வலையமைப்பா? பாடநூல்களில் வலையமைப்பு அதிகம் புழங்குகிறது. கணினி பற்றி எழுதுபவர்களில் பலர் பிணையத்தை விரும்புகிறார்கள். 'பிணை' என்றால் கட்டு, சேர்த்துக் கோர். வேர் நல்ல வேர். ஆனால் பிணையம் என்ற சொல்லுக்கு ஏற்கெனவே வேறு வேலை இருக்கிறது: கடனுக்கு ஈடாக வைப்பது, ஒருவருக்காக இன்னொருவர் ஏற்கும் பொறுப்பு. 'பிணையத்தோடு இணைக்கப்பட்ட சேமிப்பு' என்று வங்கியில் ஒருவர் படித்தால் அடமானம் பற்றியது என்றே நினைப்பார். அட்டாச் என்பதன் ஜப்தியும் கூடச் சேர்ந்தால் வழக்கறிஞரிடமே போக வேண்டியதுதான். இருந்தாலும் கூட்டுச்சொல் அமைக்கப் பிணையம்தான் எளிது. சேமிப்பகத்தோடு சேரும்போது சிறுத்து நிற்கிறது, 'வலையமைப்புச் சேமிப்பகம்' நீண்டுவிடுகிறது. பொதுவாசகர்களுக்கு எழுதும்போது வலையமைப்பு, கலைச்சொல்லாக வரும்போது பிணையம் என்று நான் பிரித்துக்கொள்கிறேன்.

'ஸ்டோரேஜ்' என்பதற்குச் சேமிப்பகம் ஏறத்தாழ உறுதியாகிவிட்டது. போனின் தமிழ் அமைப்புகளில் அதுதான் வருகிறது. பேச்சில் 'மெமரி ஃபுல்' என்போம். அங்கே நிரம்புவது நினைவகம் அல்ல, சேமிப்பகம். சேமி என்பதன் அடியில் இருப்பது சேமம், வடமொழி க்ஷேமத்தின் தமிழ் வடிவம் என்பது பரவலான கருத்து. நலம், பாதுகாப்பு என்று பொருள். சேமித்தால் பத்திரமாக இருக்கும் என்ற நம்பிக்கை சொல்லுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. நாஸ் வாங்கியவர்கள் ஏமாறும் இடமும் அதுதான். அதற்குப் பிறகு வருகிறேன்.

இப்போது 'கோப்பு'. 'ஃபைல்' என்பது லத்தீனில் நூல் என்ற பொருளுள்ள 'ஃபிலும்' என்பதிலிருந்து வந்தது. காகிதங்களை நூலிலோ கம்பியிலோ கோத்துத் தொங்கவிட்ட பழக்கம் அது. தமிழ்க் கோப்பும் கோத்தல் என்ற வினையிலிருந்து வந்ததுதான். மாலை கோப்பது, மணி கோப்பது, தாள் கோப்பது எல்லாம் ஒரே வினை. இரு மொழிகளும் ஒரே செயலைப் பார்த்துப் பெயர் வைத்திருக்கின்றன. கணினித் தமிழில் இவ்வளவு கச்சிதமாக அமைந்த சொற்கள் அதிகம் இல்லை. நாஸின் வேலையே கோப்பு கொடுப்பது என்னும்போது, அதன் தமிழ்ப் பெயரில் இந்தச் சொல் இல்லாமல் போனால் குறைதான். 'கோப்புச் சேவையகம்' என்று சொல்லலாமே என்றால், அது 'ஃபைல் சர்வர்' என்பதற்கு ஏற்கெனவே வழங்குகிறது, நாஸை மட்டும் குறிக்காது. 'கோப்பகம்' டைரக்டரிக்குப் போய்விட்டது. 'கிடங்கு' எனக்குப் பிடித்த சொல். ஆங்கிலத்தில் வழங்கும் 'கோடவுன்' மலாய் வழியாகப் போன நம் கிடங்குதான் என்பது அகராதிக்காரர்கள் பலரின் கருத்து. ஆனால் தரவுக் கிடங்கு என்று வேறொரு கலைச்சொல் அதைப் பிடித்துக்கொண்டுவிட்டது.

கேசட்டுக்கு ஒலிப்பேழை என்று பெயர் வைத்தோமே, அந்த வழியில் 'கோப்புப்பேழை' என்றால் என்ன? பெட்டி என்பதும் தெரிகிறது, உள்ளே இருப்பது என்ன என்பதும் தெரிகிறது. இது என் பரிந்துரை மட்டுமே. அகராதியில் தேடினால் இந்தப் பொருளில் கிடைக்காது. தொழில்நுட்ப ஆவணத்தில் பிணையச் சேமிப்பகம், வீட்டில் இருக்கும் பெட்டியைச் சொல்லும்போது கோப்புப்பேழை, பேச்சில் நாஸ். மூன்றும் ஒன்றையொன்று தள்ளாமல் இருக்கலாம்.

'ஷேர்' என்பதற்குப் பகிர்வு என்று எழுதுகிறோம். பகிர்தலின் அடி பகு, அதாவது பிரிப்பது. பகுதியும் பங்கும் அதன் இனம். ஆங்கில ஷேரும் வெட்டுதல் என்ற பொருளில் தொடங்கியதுதான். ஆனால் நாஸில் யாரும் எதையும் கூறுபோடுவதில்லை. ஒரே கோப்புறை எல்லோருக்கும் முழுதாகத் தெரிகிறது. நிரலில் 'ஷேர்' என்று பெயர்ச்சொல்லாக வரும் இடத்தில் 'பொதுக்கோப்புறை' என்று எழுதினால் சட்டென்று விளங்கும். யாருக்குப் படிக்க மட்டும், யாருக்கு எழுதவும் என்பது அதன் மேல் வைக்கும் அனுமதி.

'மீடியா சர்வர்' என்பதை ஊடகச் சேவையகம் என்றால் செய்தி நிறுவனம் நினைவுக்கு வருகிறது. படம், பாட்டு, காணொளி என்று விரித்துச் சொல்வதே மேல். பிளெக்ஸ், 2018இல் எம்பி என்ற மென்பொருளிலிருந்து பிரிந்த ஜெல்லிஃபின் போன்ற மென்பொருள்கள் இந்த வேலையைச் செய்கின்றன. காணொளியின் குறிமுறை டிவிக்குப் புரியாதபோது, ஓடும்போதே அவை வேறு குறிமுறைக்கு மாற்றித் தரும். அது 'குறிமாற்றம்'. திறன் குறைந்த நாஸ் மூச்சுவாங்குவது இங்கேதான். கோப்பை அப்படியே அனுப்புவதற்குச் சிரமமே இல்லை. ஜிகாபிட் கேபிளில் நொடிக்கு 110 மெகாபைட் அளவுக்குப் போகும், ஒரு 4கே படத்துக்கு அதில் சிறு பகுதி போதும்.

சரி, சேமத்துக்கு வருவோம். நாஸோடு கூடவே காதில் விழும் சொல் 'ரெய்டு'. வருமான வரிக்காரர்கள் வருவது அல்ல. அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூவரும் 1988இல் வெளியிட்ட கட்டுரையில் வந்த பெயர். விலை மலிந்த டிஸ்குகள் பலவற்றை அடுக்கி, ஒன்று போனாலும் மற்றவை தாங்கும்படி செய்வது. அதிலிருந்த 'மலிவான' என்ற சொல் பிற்பாடு 'தனித்தனியான' என்று மாறிவிட்டது. ஆங்கிலத்தில் இரண்டு சொற்களும் 'ஐ' என்ற ஒரே எழுத்தில் தொடங்குவதால் சுருக்கம் கெடவில்லை. இரண்டு டிஸ்கில் ஒரே தரவு இருப்பதைப் பார்த்துப் பலர் இதைக் 'காப்பு நகல்' என்று சொல்லிவிடுகிறார்கள். தவறு. கைதவறி ஒரு கோப்பை அழித்தால் இரண்டு டிஸ்கிலும் அது ஒரே கணத்தில் அழியும். பிணைத்தொகை கேட்கும் தீநிரல் வந்தால் இரண்டும் சேர்ந்தே பூட்டிக்கொள்ளும். ரெய்டு தருவது தொடர்ந்து ஓடும் வசதி. காப்பு நகல் என்பது நாஸுக்கு வெளியே, முடிந்தால் வீட்டுக்கும் வெளியே இருக்கிற இன்னொரு பிரதி.

கடைசியாக, தமிழில் கோப்புப் பெயர் வைப்பவர்களுக்கு மட்டும் உரிய ஒரு சங்கதி. யூனிகோடில் 'கொ' என்பதை இரண்டு விதமாக எழுதலாம். ஒகரக் குறி ஒரே குறியீடாக இருக்கலாம், அல்லது ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனிக் குறியீடுகளாக இருக்கலாம். கண்ணுக்கு வேறுபாடே தெரியாது. மேக்கின் பழைய கோப்பு முறைமை பிரித்து எழுதும். விண்டோஸிலும் லினக்ஸிலும் பெரும்பாலும் சேர்ந்தே வரும். இரண்டு கணினிகளிலிருந்தும் நாஸுக்கு நகலெடுத்தால் 'கொடி' என்ற பெயரில் இரண்டு கோப்புறைகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கலாம். தேடினால் ஒன்றுதான் சிக்கும். ஒகரம், ஓகாரம், ஔகாரம் மூன்றுக்கும் இந்தத் தொல்லை உண்டு. எல்லாப் பெயர்களையும் சேர்ந்த வடிவத்துக்கு மாற்றிவிட்டால் தீரும். நீளத்தையும் கவனிக்க வேண்டும். லினக்ஸின் வழக்கமான கோப்பு முறைமையில் ஒரு பெயருக்கு 255 பைட் எல்லை. தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் 3 பைட் செலவாகும் என்பதால் 85 குறியீடுகளோடு இடம் முடிந்துவிடும். புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனியாகக் கணக்கில் வரும்.