நொடிக்கு 60 பிரேம் கேட்பவர்களுக்கு

2005-இல் மினி டிவி (MiniDV, சின்ன டிஜிட்டல் வீடியோ) கேசட்டில் எடுத்த கல்யாண வீடியோ அது. யாரோ கணினியில் ஏற்றி, நொடிக்கு 25 பிரேம் (அடுத்தடுத்து ஓடும் அசையாத படங்கள்) இருந்ததை 60 ஆக ‘உயர்த்தி’ பென்டிரைவில் கொடுத்திருக்கிறார். டிவிடி போட்டுத் தரச் சொல்லி போன வாரம் என்னிடம் வந்தது. கெட்டிமேளம் கொட்டும் இடத்தில் தவில்காரர் கையிலிருக்கும் ஒரு குச்சி மூன்று நான்காகத் தெரிகிறது. கேசட் எங்கே என்று கேட்டேன். “அதுதான் கம்ப்யூட்டரில் ஏற்றியாயிற்றே சார், தூக்கிப் போட்டுவிட்டோம்” என்றார்கள். இப்படி வருவது இது முதல் முறையல்ல. ஆகவே கொஞ்சம் கோபமாகவே எழுதுகிறேன்.

60 என்பது தரத்துக்கான மதிப்பெண் அல்ல. கேமரா நொடிக்கு 25 முறை பார்த்தது என்றால், 25 கணங்கள்தான் கைவசம் இருக்கின்றன. ஏழாவது பிரேமுக்கும் எட்டாவதுக்கும் நடுவில் மணமகள் கண் சிமிட்டியிருந்தால் அது பதிவாகவே இல்லை. மென்பொருளிடம் 60 கேட்டால் என்ன செய்யும்? இருக்கிற பிரேமையே திரும்பப் போடும். அல்லது இரண்டைக் கலந்து ஆவி போல ஒன்றை உண்டாக்கும். அல்லது கை எங்கே போயிருக்கும் என்று ஊகித்துப் புதிதாக வரையும். சாம்பாரில் தண்ணீர் ஊற்றினால் பாத்திரம் நிறையும், அவ்வளவுதான்.

இதில் இன்னொரு கூத்து, டிவிடியில் 60 பிரேமுக்கு இடமே கிடையாது. நம் நாட்டு டிவி முறையான பால் (PAL) முறையில் 25. அமெரிக்க டிவி முறையான என்டிஎஸ்சி (NTSC) முறையில் 29.97. நீங்கள் பாடுபட்டு ஏற்றிய 60-ஐ டிஸ்க் தயாரிக்கும் மென்பொருள் மறுபடி 25 ஆக இறக்கும். ஏற்றும்போது ஒரு சேதம், இறக்கும்போது இன்னொரு சேதம். “அப்படியானால் ப்ளூரே?” என்று கேட்பார்கள். சாதாரண ப்ளூரேயிலும் 1080 அளவுப் படத்துக்கு முழுமையான 60 பிரேம் கிடையாது; 720 அளவுக்கு இறங்கினால்தான் உண்டு.

படம் தெளிவாக வேண்டுமானால் பிட்ரேட்டை, அதாவது நொடிக்கு எவ்வளவு தரவு என்பதைக் கவனியுங்கள். 4.7 ஜிபி டிஸ்கில் ஒரு மணி நேரம் போட்டால் நொடிக்கு 8 மெகாபிட் தாராளமாகக் கொடுக்கலாம். நிச்சயதார்த்தம் முதல் மறுவீடு வரை நான்கு மணி நேரத்தையும் ஒரே டிஸ்கில் திணிக்கச் சொல்லிவிட்டு, பட்டுச்சேலையின் ஜரிகை கட்டம் கட்டமாகத் தெரிகிறதே என்றால் நான் என்ன செய்ய? இரண்டு டிஸ்க் வாங்குங்கள்.

எடுக்கும்போதே நொடிக்கு 50 கணங்களைப் பிடித்திருந்தால் கதை வேறு. பால் டிவிடி ஒவ்வொரு பிரேமையும் இரண்டு ஃபீல்டாக (ஒன்றுவிட்டு ஒன்றான கோடுகள் மட்டும் கொண்ட பாதிப் படங்களாக) பிரித்து வைப்பதால், 50 கணங்களும் டிஸ்கில் உயிரோடு இருக்கும். ஊஞ்சல் வழுக்கிக்கொண்டு போவது போல ஆடும். ஃபீல்டு வரிசையை மட்டும் சரியாகக் கொடுக்க வேண்டும்: மினி டிவி கேசட் என்றால் கீழ் ஃபீல்டு முதலில், ஏவிசிஎச்டி (AVCHD என்ற எச்டி ஃபைல் வடிவில் பதியும்) கேமரா என்றால் மேல் ஃபீல்டு முதலில். மாற்றிக் கொடுத்தால் அசைவதெல்லாம் நடுங்கும்.

கணினித் திரையில் சீப்புப் பல் போலக் கோடுகள் தெரிகின்றன என்று டீஇன்டர்லேஸ் (இரண்டு ஃபீல்டையும் ஒரே படமாக்குவது) செய்துவிடாதீர்கள். அந்தக் கோடுகள் கோளாறு அல்ல. டிவி அவற்றைப் பார்த்துக்கொள்ளும். நீங்கள் அழித்தால் பாதி அசைவு போய்விடும்.

மூலம் எந்த எண்ணில் இருக்கிறதோ அதை ஒட்டித்தான் டிஸ்க். கேசட் பால் என்றால் டிஸ்கும் பால். முழுக்க போனில் 30-இல் எடுத்ததா? தயங்காமல் என்டிஎஸ்சி டிஸ்க் போடுங்கள். இங்கே விற்கும் பிளேயர்களில் பெரும்பாலானவை இரண்டையும் ஓட்டும். அதை 25 ஆக்கினால் ஆறில் ஒரு பிரேம் போகும், நொடிக்கு ஐந்து முறை படம் திக்கும். மண்டபத்தைச் சுற்றிக் காட்டும் காட்சியில் கண் வலிக்கும்.

கல்யாணக் கேமரா 25, சித்தப்பாவின் போன் 30 என்று கலந்து வருவதுதான் இப்போது வழக்கம். அதிகம் எதில் இருக்கிறதோ அதற்கு டைம்லைனை வையுங்கள். போன் துண்டுகளைச் சேர்ப்பதற்கு முன்னால் ஃபைலின் விவரம் காட்டும் மீடியாஇன்ஃபோ மென்பொருளில் திறந்து பாருங்கள். பிரேம் ரேட் மாறிக்கொண்டே இருப்பதாகக் காட்டினால் ஹேண்ட்பிரேக் (HandBrake) என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் நிலையான எண்ணுக்கு மாற்றிய பிறகே எடிட்டிங். இல்லையென்றால் வாய் ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம். 29.97-இல் எடுத்ததை 30 என்று நினைத்து ஓட்டினாலே மணிக்கு 3.6 நொடி விலகிவிடும். இனி எடுக்கப்போகிறவர்களுக்கு ஒன்று: ஐபோனின் கேமரா அமைப்புகளில் பால் வடிவங்களைக் காட்டச் சொன்னால் 25 கிடைக்கும்.

டொராண்டோவில் இருக்கும் அக்காவுக்கு அனுப்புவதானால் கவனம். அங்குள்ள பிளேயர்கள் பலவும் பால் டிஸ்கை ஓட்டாது. மூல ஃபைலிலிருந்தே தனியாக ஒரு என்டிஎஸ்சி பிரதி எடுங்கள். லண்டனுக்கும் கொழும்புக்கும் பால் போதும்.

கேசட்டுகளைத் தயவுசெய்து தூக்கிப் போடாதீர்கள். ஃபயர்வயர் (கேமராவைக் கணினியோடு இணைக்கும் கேபிள்) வழியாக எடுத்த டிவி (DV) ஃபைல் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 13 ஜிபி. அதையும் அப்படியே வைத்திருங்கள். ஹார்டு டிஸ்கில் அது ஒரு இடமே அல்ல.

மொத்தமாக எழுதும் முன் அழித்தெழுதும் டிஸ்க் ஒன்றில் போட்டு வீட்டு டிவியில் பாருங்கள், லேப்டாப்பில் அல்ல. கேமரா பக்கவாட்டில் நகரும் ஒரு காட்சி, கடைசி ஐந்து நிமிடம். கடைசியிலும் தவில் அடியும் ஒலியும் ஒத்துப்போனால் தாராளமாக எழுதலாம்.