மூடிய தளத்திலிருந்து அறிவிப்பு எப்படி வருகிறது?

கணினியில் ஏதோ வேலையாக இருக்கிறோம். திரையின் மூலையில் ஒரு பெட்டி எழும்புகிறது: “உங்கள் கணினியில் வைரஸ்! உடனே அழுத்துங்கள்.” எந்தத் தளமும் திறந்திருக்கவில்லை. வைரஸ் தடுப்பு மென்பொருளை ஓட்டிப் பார்த்தாலும் பெரும்பாலும் ஒன்றும் சிக்காது. கணினியில் எந்த மென்பொருளும் ஏறவில்லையே! அறிவிப்பு அனுப்ப என்றோ ஒரு தளத்துக்கு நாம் கொடுத்த அனுமதிதான் இப்படி வந்து நிற்கிறது.

தளத்தை மூடிய பிறகும் அறிவிப்பு வரும் இந்த வசதி 2015-இல் குரோமில் வந்தது, அடுத்த ஆண்டு ஃபயர்பாக்ஸிலும். அறிவிப்பு அனுப்பலாமா என்று தளம் கேட்கும்போது ‘அனுமதி’ என்று அழுத்தியதும் இரண்டு காரியம் நடக்கிறது. அந்தத் தளம் ‘சர்வீஸ் வொர்க்கர்’ என்ற சிறு நிரலைப் பிரவுசருக்குள் விட்டுவைக்கிறது. பிரவுசரை உருவாக்கிய நிறுவனத்தின் சர்வரில் நமக்கென ஒரு தனி முகவரி உருவாகி, அது தளத்தின் கைக்குப் போகிறது. அப்புறம் தளம் அந்த முகவரிக்குச் செய்தி அனுப்பினாலே போதும். சர்வர் அதைப் பிரவுசரிடம் சேர்க்கும், உறங்கிக் கிடந்த நிரல் விழித்துப் பெட்டியைக் காட்டும். தளத்தை மூடினாலும் அறிவிப்பு நிற்காதது இதனால்தான். காலையில் பிரவுசரைத் திறந்ததும் அறிவிப்புகள் வரிசையாகக் கொட்டுகின்றனவா? இரவெல்லாம் சர்வரில் காத்திருந்தவை அவை.

செய்தித் தளமோ மின்னஞ்சலோ பயன்படுத்தினால் இது நல்ல வசதிதான். ஆனால் “நீங்கள் ரோபோ இல்லை என்று நிரூபிக்க ‘அனுமதி’யை அழுத்துங்கள்” என்று ஏமாற்றி அந்த ஒரு சொடுக்கைப் பிடுங்கும் தளங்கள் நிறைய. மனிதர்தானா என்று சோதிக்கும் எந்த உண்மையான சோதனைக்கும் அறிவிப்பு அனுமதி தேவையே இல்லை. வயதானவர்கள் இதில் சிக்கி, போலி வைரஸ் எச்சரிக்கையைப் பார்த்துப் பதறுவது எனக்கு உண்மையிலேயே கோபத்தைத் தருகிறது.

சரி, நிறுத்துவது எப்படி? பெட்டியில் உள்ள பெருக்கல் குறி அந்த ஒரு செய்தியை மட்டுமே மூடும். செய்தியின் மேல் அழுத்தாமல், அதில் சிறிதாகத் தெரியும் தள முகவரியைக் குறித்துக்கொள்ளுங்கள். குரோமில் அமைப்புகள், தனியுரிமையும் பாதுகாப்பும், தள அமைப்புகள், அறிவிப்புகள் என்று வரிசையாகப் போனால் அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் இருக்கும். எட்ஜ், ஃபயர்பாக்ஸிலும் அமைப்புகளுக்குள் இதே போன்ற பட்டியல் உண்டு. தெரியாத தளத்தை ‘நீக்கு’ என்பதைவிட ‘தடு’ என்பதே மேல். நீக்கினால் அது மறுபடி வந்து கேட்கலாம். வேறு வேறு முகவரிகளில் பல அனுமதிகள் இருக்கக்கூடும், பட்டியலைக் கடைசிவரை பாருங்கள். எந்தத் தளமும் இனிக் கேட்கவே கூடாது என்றால், அதற்கான பொத்தானும் அதே பக்கத்தில்தான்.

அனுமதியைப் பறித்ததும் நமக்கென உருவான அந்த முகவரியும் செல்லாததாகிவிடும். அடுத்த முறை தளம் செய்தி அனுப்பினால், அப்படியொரு முகவரியே இல்லை என்று சர்வர் திருப்பி அனுப்பிவிடும்.