கள்ளியா, காக்டஸா, சக்குலண்டா?

தொட்டிச் செடி வாங்கும்போது இந்த மூன்று பெயர்களும் ஒன்றுக்கு ஒன்று மாறி வருகின்றன. சக்குலண்ட் என்று கொடுத்தது காக்டஸாக இருக்கும். காக்டஸ் என்று கொடுத்தது உடைத்தால் பால் வடியும் செடியாக இருக்கும். வளர்க்கிறவருக்குப் பெயர் சரியாகத் தெரிய வேண்டும். தண்ணீரும் வெயிலும் எவ்வளவு என்பதை நாம் பெரும்பாலும் பெயரை வைத்தே முடிவு செய்கிறோம்.

முதலில் சக்குலண்ட். லத்தீனில் சூக்கஸ் என்றால் சாறு. அதிலிருந்து வந்த சொல்லுக்குச் சாறு நிறைந்தது என்று பொருள். இது ஒரு தாவரக் குடும்பத்தின் பெயர் கிடையாது. இலையிலோ தண்டிலோ வேரிலோ தண்ணீரைச் சேர்த்துவைத்து வறட்சியைத் தாண்டும் எந்தச் செடியும் சக்குலண்ட்தான். கற்றாழையும், ரோஜாப்பூ போல இலை அடுக்கும் எச்செவெரியாவும் இலையில் சேர்க்கின்றன, காக்டஸ்கள் தண்டில் சேர்க்கின்றன. உறவே இல்லாத பல குடும்பங்கள் தனித்தனியாக இந்தப் பழக்கத்துக்கு வந்திருக்கின்றன.

காக்டஸ் அப்படியில்லை, அது ஒரே குடும்பம். ஆனால் அந்தச் சொல் வந்த வழி விசித்திரமானது. பண்டைய கிரேக்க அறிஞர் தியோஃபிராஸ்டஸ், சிசிலித் தீவில் வளரும் ஒரு முட்செடியைக் காக்டோஸ் என்று குறிப்பிட்டார். அது இன்றைய கூனைப்பூவுக்கு (ஆர்ட்டிசோக்) நெருங்கிய உறவான ஒரு செடி என்று கருதுகிறார்கள். இன்று நாம் காக்டஸ் என்று சொல்லும் எந்தச் செடியையும் அவர் பார்த்திருக்க வழியில்லை. 1753இல் ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் அந்தப் பழைய பெயரை எடுத்து அமெரிக்கக் கண்டங்களிலிருந்து வந்த முட்செடிகளுக்கு வைத்தார். பின்னாளில் அவை பல பேரினங்களாக, அதாவது குடும்பத்துக்குள் வரும் சிறு பிரிவுகளாக, பிரிந்துவிட்டன. இப்போது காக்டஸ் என்ற பேரினம் வழக்கில் இல்லை, குடும்பப் பெயரில்தான் அந்தச் சொல் நிற்கிறது.

இனி நம் கள்ளி. இது மிகப் பழைய சொல். குறுந்தொகையின் 16ஆம் பாட்டில் பொருள் தேடிப் போன தலைவன் கடந்துசெல்வது கள்ளியங்காடு. அந்தக் கள்ளி காக்டஸாக இருக்க முடியாது. காக்டஸ் குடும்பத்தின் தாயகம் அமெரிக்கக் கண்டங்கள். மரங்களில் தொற்றி வளரும் முள்ளில்லாத ரிப்சாலிஸ் ஒன்று மட்டும் ஆப்பிரிக்காவிலும் இலங்கையிலும் இயற்கையாகக் காணப்படுகிறது. கள்ளி என்று தமிழ் முதலில் அழைத்தது பால் வடியும் யூஃபோர்பியா செடிகளைத்தான். சதுரக்கள்ளி, இலைக்கள்ளி, திருகுக்கள்ளி எல்லாம் இந்த வகை. திருகுக்கள்ளியின் அறிவியல் பெயரே யூஃபோர்பியா திருக்கள்ளி. 17ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் தொகுத்த மலபார் தாவர நூலில் மலையாளப் பெயராகப் பதிவாகி, லின்னேயஸ் கைக்குப் போய், நம் மொழிகளின் கள்ளி உலகப் பெயராகிவிட்டது. எனக்கு இதில் நிறைய மகிழ்ச்சி.

அமெரிக்கச் செடி நம் பக்கம் வந்தபோது, முள்ளும் சதைத் தண்டும் ஒத்துப்போனதால் அதற்கும் அதே பெயர் போனது. சப்பாத்திக்கள்ளி அப்படி வந்ததுதான், அது அசல் காக்டஸ். அப்புறம் ரணகள்ளி இருக்கிறது. இலை விளிம்பிலேயே குட்டிச் செடி முளைக்கும் அது காக்டஸும் இல்லை, யூஃபோர்பியாவும் இல்லை. அதன் குடும்பம் கிராசுலா குடும்பம். ஆக, தமிழில் கள்ளி என்ற பெயருக்குள் மூன்று வெவ்வேறு குடும்பங்கள் இருக்கின்றன.

பிரித்து அறிய எளிய அடையாளம் உண்டு. காக்டஸில் முட்கள் கிளம்பும் இடத்தில் பஞ்சு போன்ற சிறு திட்டு இருக்கும். முள், பூ, கிளை எல்லாம் அந்தத் திட்டிலிருந்துதான் வரும். யூஃபோர்பியாவில் அந்தத் திட்டு கிடையாது, பல வகைகளில் முட்கள் இரட்டையாக இருக்கும். பாலை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம், மாமில்லாரியா என்ற காக்டஸில் சில இனங்களும் பால் வடிக்கும். யூஃபோர்பியாவின் பால் கண்ணில் பட்டால் கடுமையாகப் புண்படுத்தும். வெட்டும்போது கையுறை கட்டாயம்.

சரி, தமிழில் என்ன சொல்வது? சக்குலண்டுக்குச் சதைப்பற்றுள்ள தாவரம் என்று ஏற்கெனவே எழுதி வருகிறார்கள். பேச்சுக்கும் சீட்டில் எழுதவும் சதைப்பற்றுச் செடி என்று சுருக்கிக்கொள்ளலாம், இதைவிட நல்ல சொல் எனக்குத் தோன்றவில்லை. சேமிப்பு எங்கே இருக்கிறது என்பதைச் சொல்லே காட்டிவிடுகிறது. பாலைவனச் செடி என்பதை நான் ஏற்கமாட்டேன். ஹாவொர்த்தியா என்ற சிறு சதைப்பற்றுச் செடி தென்னாப்பிரிக்காவில் பெரும்பாலும் புதர், பாறை நிழலில் வளர்வது. டிசம்பரில் பூப்பதால் கிறிஸ்துமஸ் காக்டஸ் எனப்படும் செடியோ பிரேசிலின் ஈரமான மலைக்காடுகளில் மரக்கிளைகளில் வாழ்வது. பாலைவனச் செடி என்று நம்பி இவற்றை உச்சி வெயிலில் வைத்தால் கருகும். தண்ணீர் தேவையில்லாத செடி என்ற பேச்சும் அதே அளவு கெடுதல்.

சதைப்பற்று என்ற பெயரைப் பிடித்துக்கொண்டால் பராமரிப்பு விளங்கிவிடும். இவற்றில் பல, பகல் வெப்பத்தில் இலைத்துளைகளை மூடி, இரவில் திறந்து கரியமில வாயுவை வாங்கி அமிலமாகச் சேர்த்துவைத்து, மறுநாள் வெளிச்சத்தில் உணவாக்குகின்றன. அதனால் நீர் இழப்பு மிகக் குறைவு. அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினால் வேர் ஈரத்திலேயே கிடந்து அழுகும். அடித்துளை வழியே வடியும்வரை நன்றாக ஊற்றி, மண் முழுக்கக் காய்ந்த பிறகே மறுபடி ஊற்ற வேண்டும். மண்ணில் பாதியளவாவது பருமணல், பியூமிஸ் கல், பெர்லைட் போன்ற, நீரை எளிதில் வடியவிடும் பொருள்கள் இருக்கட்டும். சேமிப்பு தீரும்போது இலை சுருங்கி மெலியும், அது தண்ணீர் கேட்கும் அடையாளம். இலை மஞ்சளாகி, கண்ணாடி போலாகி, குழைந்தால் நீர் அதிகமாகிவிட்டது. தண்டு வெளிறி நீண்டு, இலைகளுக்கு இடையே இடைவெளி கூடினால் வெளிச்சம் போதவில்லை. வெட்டி நடும் துண்டைச் சில நாள் நிழலில் காயவிட்டு, வெட்டுவாய் ஆறிய பிறகு நடுங்கள்.

காக்டஸுக்குக் கள்ளி என்றே சொல்லலாம், வழக்கில் நிலைத்துவிட்டது. பிரித்துச் சொல்ல வேண்டிய இடத்தில் யூஃபோர்பியாவுக்குப் பால்கள்ளி என்று எழுதுங்கள், எச்சரிக்கையும் சேர்ந்தே வந்துவிடும். எச்செவெரியா, கூழாங்கல் போலத் தோன்றும் லித்தாப்ஸ், ஹாவொர்த்தியா போன்றவற்றைக் கள்ளி என்று சொல்லாமல், சதைப்பற்றுச் செடி என்று எழுதி, பேரினப் பெயரைப் பக்கத்தில் சேர்த்துவிடுங்கள். எந்த மாதத்தில் எவ்வளவு தண்ணீர் என்று தேடும்போது அந்தப் பேரினப் பெயர்தான் உதவும்.